கோபால்ட்: ஒரு பேயின் பெயரும் ஐந்நூறு வருட நீலமும்



பழைய எனாமல் தட்டு, டம்ளர், தூக்குச்சட்டி பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒரு தம்பி, "சார், வெள்ளை எனாமல் தட்டில் சில்லு தெறித்தால் உள்ளே கறுப்பாகத் தெரிகிறதே, அது துருவா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சில்லு ஆழமாகத் தெறித்திருந்தால் தெரிவது இரும்பு. மேலாகத் தெறித்திருந்தால் தெரிவது அடிப்பூச்சு. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு இல்லை, கருநீலம் என்று தெரியும். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. ஆனால் கண்ணாடி இரும்பின் மேல் சும்மா உட்காராது, சூடு ஆறியதும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அந்தக் கண்ணாடித் தூளில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் முதலில் நீல அடிப்பூச்சு, அதற்கு மேல் வெள்ளை.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த ஆக்சைடின் கதை இவ்வளவோடு முடியாது. வேலையை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் விளக்குகிற பழக்கம் போகவில்லை, அதனால் இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்களுக்கு இந்த நீலம் பழக்கம்தான். சால்ட் அனாலிசிஸில் சாம்பல் சோதனை என்று ஒன்று வரும். உப்புக் கரைசலோடு அடர் நைட்ரிக் அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சேர்த்து, அதில் ஒரு வடிதாளை நனைத்து எரிக்க வேண்டும். சாம்பல் பச்சையாக வந்தால் துத்தநாகம், இளஞ்சிவப்பாக வந்தால் மெக்னீசியம், நீலமாக வந்தால் அலுமினியம். "சார், ப்ளூ ஆஷ்!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். உடனே நாலு பேர் தங்கள் நோட்டிலும் அலுமினியம் என்று எழுதிவிடுவார்கள், அவர்கள் சாம்பல் என்ன நிறமாக இருந்தாலும் சரி. அந்தச் சாம்பலில் உண்டாவது கோபால்ட் அலுமினேட். பிரான்ஸில் தெனார் என்ற வேதியியலாளர் அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் 1802-இல் செய்துகொடுத்த ஓவிய நீலமும் அதேதான். நம் பிள்ளைகள் வடிதாளில் எரித்தெடுப்பது ஐரோப்பிய ஓவியர்கள் காசு கொடுத்து வாங்கிய வண்ணம்.

இந்த உலோகத்துக்குப் பெயர் வைப்பதற்கு மூவாயிரம் வருடம் முன்பே மனிதன் அதன் நீலத்தைக் கண்டுவிட்டான். துருக்கிக் கரையோரம் உலுபுருன் என்ற இடத்தில் 1982-இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், கடலடியில் ஒரு கப்பலின் சரக்கைக் கண்டார். கி.மு. 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மூழ்கிய கப்பல். அதில் செம்பு, தகரம், யானைத் தந்தம் இவற்றோடு சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் இருந்தன. அவற்றில் பல கருநீலம், நிறம் தந்தது கோபால்ட். உருக்கி வார்த்துக்கொள்ள வேண்டிய கச்சாப் பொருளாகவே நீலக் கண்ணாடி கடல் கடந்து போயிருக்கிறது. எகிப்தியர்கள் தங்கள் மேற்குப் பாலைவனச் சோலைகளில் கிடைத்த படிகாரத்தில் கலந்திருந்த கோபால்ட்டை இதற்குப் பயன்படுத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பிறகு பாரசீகம். காஷான் நகரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பீங்கான் ஓடு செய்த குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர் 1301-இல் தொழில் ரகசியங்களை ஒரு நூலில் எழுதிவைத்தார். நீலம் தரும் கல் கம்சார் கிராமத்திலிருந்து வருகிறது என்று அதில் குறிப்பிடுகிறார். (இன்றைக்கு அந்தக் கம்சார் பன்னீருக்குப் பேர்போன ஊர்.) அந்தப் பக்கத்துக் கோபால்ட் சீனாவின் ஜிங்டெசென் சூளைகளுக்குப் போனது. பீங்கான் சூளையில் சூடு 1300 டிகிரியைத் தொடும். மற்ற வண்ணங்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும், கோபால்ட் ஆக்சைடு நிற்கும். பச்சை மண்பாண்டத்தின் மேல் அதைத் தூரிகையால் தீட்டும்போது சாம்பல் கலந்த கறுப்பாகத்தான் இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்துச் சுட்ட பிறகே நீலம் எழும். தீட்டுகிறவருக்குத் தான் தீட்டும் நிறம் கண்ணுக்குத் தெரியாது! 1351-இல் ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த இரண்டு நீலவெள்ளைப் பூச்சாடிகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வருடம் அந்தச் சாடிகளிலேயே எழுதியிருக்கிறது. உலகம் முழுக்க நீலவெள்ளைப் பாண்டத்தின் காலத்தைக் கணிக்க அவைதான் அளவுகோல்.

இதுவரை சொன்னது அழகான பக்கம். இனிமேல் ஜெர்மனியின் சாக்சனிக்குப் போக வேண்டும். இந்த நீலத்துக்கு நாம் இன்று சொல்லும் பெயர் கிடைத்ததும் அங்கேதான், அதன் விலை என்ன என்று முதன்முதலாக யாரோ எழுதிவைத்ததும் அந்த மலைகளில்தான்.

ஷ்னேபெர்க் என்ற ஊரில் 1470-களில் வெள்ளி கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் சுரங்கத்துக்கு வந்தார்கள். தோண்டும்போது ஒரு கனிமம் அடிக்கடி கைக்கு வரும். கனமாக, பளபளப்பாக, வெள்ளி இருக்கும் போலத் தோன்றும். உலையில் போட்டால் வெள்ளி வராது. அதற்குப் பதிலாகப் பூண்டு நாற்றத்தோடு வெண்புகை வரும், பக்கத்தில் நின்றவன் சுருண்டு விழுவான். அந்த நாட்டுச் சுரங்கக்காரர்கள் மலைக்குள் கோபோல்ட் என்ற குட்டிப் பேய்கள் குடியிருக்கின்றன என்று நம்பியவர்கள். நல்ல வெள்ளியைப் பேய் திருடிக்கொண்டு இந்த விஷக் கல்லை வைத்துவிட்டுப் போயிற்று என்றார்கள். பேயின் பெயரே கல்லுக்கும் ஆனது. இதே போலச் செம்பு தருவது போல ஏமாற்றிய இன்னொரு கல்லுக்கு வேறொரு பேயின் பெயர், நிக்கல். தனிம அட்டவணையில் 27-ஆம் வீட்டிலும் 28-ஆம் வீட்டிலும் இந்த இரண்டு பேய்களும் அடுத்தடுத்துக் குடியிருப்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு அதன் பிறகு அணு எண் மறக்காது.

வேதியியல்படி அந்தக் கல் கோபால்ட்டும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமம். ஆர்சனிக் என்றால் நம் சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்லுவது. வறுத்தால் வெள்ளைப் பாஷாணம் புகையாக எழும், கோபால்ட் ஆக்சைடாகித் தங்கும். ஆளைச் சாய்த்தது அந்தப் புகை.

அக்ரிகோலா என்ற மருத்துவர் 1527 முதல் அந்த மலைத்தொடரின் மறுபக்கத்தில், யோவாக்கிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்தார். சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல், அவர் இறந்த மறுவருடம் 1556-இல் அச்சாகி வந்தது. ஈரமான இடத்தில் அந்தக் கனிமம் வேலையாட்களின் கால்களையும் கைகளையும் தின்றுவிடுகிறது, நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கிறது என்று எழுதியிருக்கிறார். முழங்கை வரை நீளும் தோல் கையுறையும், உயரமான தோல் செருப்பும், முகத்துக்கு மெல்லிய துணியும் வேண்டும் என்கிறார். கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவர்களை மணந்து ஏழு பேரையும் இந்த நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த ஒரு வரியை முதன்முதலில் படித்த அன்று எனக்கு அதற்கு மேல் வாசிப்பு ஓடவில்லை. இத்தனையும் கண்ணால் பார்த்து எழுதிய அந்த மருத்துவர், பேய்களையும் சுரங்க ஆபத்துகளின் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. காலம் அப்படி.

பேய்க் கல் பணம் காய்க்கும் மரம் ஆனது 16-ஆம் நூற்றாண்டில். வறுத்த கனிமத்தை மணலோடும் சாம்பல் உப்போடும் சேர்த்து உருக்கினால் கருநீலக் கண்ணாடி. அதைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் ஊற்றினால் பொலபொலவென்று உடையும். திரிகைக் கல்லில் அரைத்து, தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டுப் பிரித்தால் நீலத் தூள். ஸ்மால்ட் என்று பெயர். கரகரப்பாக அரைத்தால் அடர் நீலம், மாவாக அரைத்தால் வெளிர் நீலம். ஓவியர்கள் வாங்கினார்கள், ரெம்பிராண்டின் பிற்கால ஓவியங்களில் நிறைய இருக்கிறது. எண்ணெயில் கலந்த ஸ்மால்ட் நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகிவிடும் என்பது வாங்கியபோது தெரியாது. டச்சு வியாபாரிகள்தான் பெரிய வாடிக்கை. பாண்டத்துக்கு, காகிதத்துக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வெளுப்புக்கு. வேட்டிக்கு நாம் நீலம் போடுகிறோமே, அந்த வேலையை ஐரோப்பாவில் லினன் துணிக்குச் செய்தது இந்தக் கோபால்ட் கண்ணாடித் தூள்தான். மஞ்சளை நீலம் அடிக்கும், கண்ணுக்கு வெள்ளை தெரியும்.

சாக்சனி அரசர் இதை விடுவாரா? கனிமத்தையோ வறுத்த ஆக்சைடையோ நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை போட்டார், மீறினால் கடும் தண்டனை. தூளாக்கி விற்பதெல்லாம் உள்நாட்டில், அரசின் பிடியில் இருந்த நீலச்சாய ஆலைகளில் மட்டும். 1635-இல், முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆவே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆலை எழுந்தது. அந்த ஆலைகளில் உலைக்கும் புகைபோக்கிக்கும் நடுவே வளைந்து வளைந்து நீளமான கல் குகை ஒன்று கட்டுவார்கள். புகை அதில் போகும்போது ஆறி, பாஷாணம் மாவு மாதிரி சுவரில் படியும். அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு நஞ்சு பிடிக்கும் இடம் என்று பொருள். அவ்வப்போது ஆட்கள் உள்ளே போய் அதைச் சுரண்டி எடுத்து வருவார்கள். அந்தப் பாஷாணத்துக்கும் விலை உண்டு, எலி மருந்துக்கும் கண்ணாடித் தொழிலுக்கும் போகும். முதலாளிக்கு எதுவும் வீணாகவில்லை.

இத்தனை வியாபாரம் நடந்தும், நீலம் எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பிஸ்மத்தால் வருகிறது என்று பலர் நினைத்தார்கள். ஸ்டாக்ஹோமில் இருந்த கேயார்க் பிராண்ட் 1735-இல், இது இதுவரை பெயரிடப்படாத தனி உலோகம் என்று எழுதினார். பெயரைத் தேடி அவர் அலையவில்லை, சுரங்கக்காரர்களின் பேயே போதும் என்று விட்டுவிட்டார். கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடிகிற முதல் உலோகம் இதுதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்.

எனக்கு பிராண்டை விட முக்கியமானவர்கள் வேறு இரண்டு பேர். ஹெர்டிங், ஹெஸ்ஸே என்ற இரண்டு டாக்டர்கள். முன்னவர் ஷ்னேபெர்க் சுரங்கத்து மருத்துவர், பின்னவர் அந்த வட்டாரத்து அரசு மருத்துவர். அந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய சுரங்கத் தொழிலாளி இளைத்து, இருமி, மூச்சு முட்டிச் சாவது முந்நூறு வருடமாக வழக்கம். மலை நோய் என்று பேர் வைத்து விட்டுவிட்டார்கள். இந்த இருவரும் பிணங்களை அறுத்துப் பார்த்தார்கள், இறந்தவர்களின் கணக்கை எடுத்தார்கள். 1879-இல் வெளியிட்டார்கள்: சுரங்கத் தொழிலாளர் சாவுகளில் நான்கில் மூன்று பங்கு நுரையீரல் புற்றுநோய். செய்கிற தொழிலால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று உலகத்துக்கு முதலில் தெரிந்தது இப்படித்தான்.

(இந்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிற்பாடு ஹெஸ்ஸே, ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கப் பாடுபட்டபோது, வெயிலுக்கு ஜெலட்டின் உருகி ஓடியது. ஜாம், ஜெல்லிக்கு நான் போடும் அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னது இந்த அம்மாதான். இன்றைக்கு எல்லா லேப் தட்டிலும் இருப்பது அது. அவர் பெயர் அதில் இல்லை.)

சரி, கொன்றது எது? தூசியில் இருந்த ஆர்சனிக் மேல்தான் முதலில் சந்தேகம். இருபதாம் நூற்றாண்டில்தான் உண்மை மெல்ல வெளிவந்தது. அந்த மலைகளில் கோபால்ட், பிஸ்மத் இவற்றோடு யுரேனியமும் இருக்கிறது. 1789-இல் கிளாப்ராத் யுரேனியத்தைக் கண்டறியப் பயன்படுத்திய கறுப்புக் கல்லும் அதே மலைத்தொடரின் யோஹான்கேயார்கன்ஸ்டாட் ஊரிலிருந்து வந்ததுதான். யுரேனியத்திலிருந்து ரேடியம், ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு. நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் தேங்கும், மூச்சோடு உள்ளே போகும், கதிர்வீச்சால் நுரையீரலை அரிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று மலைக்குள் குடியிருந்து ஆளைக் கொல்கிறது என்ற அளவில் அந்தப் பழைய தொழிலாளிகள் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றும். 1945-க்குப் பிறகு சோவியத் யூனியன் அதே மலைகளில் அணுகுண்டுக்காக யுரேனியம் தோண்டியது. மறுபடியும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே நோய்.

நீலச்சாய ஆலைகள் அதற்குள் சுருங்கிவிட்டன. 1820-களின் கடைசியில் பிரான்ஸில் செயற்கை அல்ட்ராமரீன் வந்தது, விலை மலிவு. வெளுப்புக்காரர்கள் அதற்கு மாறினார்கள். கனிமமும் நியூ கலிடோனியாவிலும், கனடாவிலும், பிறகு பெல்ஜியர்கள் ஆண்ட காங்கோவிலும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது.

ஆனால் ஆக்சைடு சும்மா இருக்கவில்லை. எனாமல் அடிப்பூச்சைச் சொல்லிவிட்டேன். கண்ணாடி ஆலையில் மணலில் உள்ள இரும்பால் வரும் மஞ்சளை மறைக்கத் துளியிலும் துளி போடுவார்கள், வேட்டிக்கு நீலம் போடும் அதே உத்தி. ஆக்சைடை ஹைட்ரஜனில் ஒடுக்கினால் கோபால்ட் தூள். அது டங்ஸ்டன் கார்பைடு துகள்களைப் பிணைக்கும் பசை, லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் கார்பைடு முனை அதுதான். டீசலிலிருந்து கந்தகம் நீக்கும் வினையூக்கியிலும் மாலிப்டினத்தோடு கோபால்ட் உண்டு. மின்னல் அதிர்ச்சியிலிருந்து மின்கருவிகளைக் காக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லைகளிலும் கொஞ்சம் சேர்ப்பார்கள். எனக்குப் பிடித்தது ஆட்டுக் கதை. ஆஸ்திரேலியாவில் நல்ல புல் தின்றும் ஆடுகள் மெலிந்து செத்தன. மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1935-இல் கண்டார்கள். ஆட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பி12 வைட்டமின் செய்ய அது வேண்டும். 1950-களில் கோபால்ட் ஆக்சைடும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட கனமான உருண்டையை ஆட்டின் தொண்டையில் இறக்கினார்கள். அது இரைப்பையில் தங்கி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அடுத்த திருப்பம் 1980-இல், ஆக்ஸ்ஃபோர்டில். குட்இனஃப் என்ற பேராசிரியரும் ஜப்பானிலிருந்து வந்த மிசுஷிமா முதலிய கூட்டாளிகளும், லித்தியம் கோபால்ட் ஆக்சைடில் ஆக்சிஜன், கோபால்ட் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் அயனி உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும் என்று காட்டினார்கள். மின்கலத்தின் நேர்முனைக்கு ஏற்ற பொருள். 1991-இல் சோனி அந்த மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செய்முறையைப் பார்த்தால் பழைய சூளை வேலைதான்: கோபால்ட் ஆக்சைடையும் லித்தியம் கார்பனேட்டையும் கலந்து 900 டிகிரி சுமாரில் சுடுவது. இந்தப் பதிவை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் கைபேசியில் சில கிராம் கோபால்ட் இருக்கலாம். 2019-இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97.

இன்று உலகில் வெட்டப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. பெரும்பகுதி பெரிய எந்திரச் சுரங்கங்கள். மீதி கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு மனிதர்கள் தோண்டுவது. கொல்வெசி நகரத்தில் கசூலோ என்ற குடியிருப்பில் 2014 வாக்கில் ஒருவர் தன் மனையில் குழி தோண்டும்போது கறுப்புக் கனிமம் தட்டுப்பட்டது. அங்கே கோபால்ட் ஆக்சைடாகவே மண்ணில் கிடக்கிறது. கொஞ்ச நாளில் தெரு முழுக்க வீட்டுத் தரையையும் முற்றத்தையும் தோண்டினார்கள், சரிந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. லுபும்பாஷி, லுவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தெருவாசிகளின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். பக்கத்துப் பகுதி மக்களை விடக் கோபால்ட் மிக அதிகம், குழந்தைகளிடம் இன்னும் கூடுதல். தூசியோடு விளையாடும் வயது அல்லவா? அதே பகுதியில் 2009-இல் வந்த இன்னொரு ஆய்வில் மக்களின் சிறுநீரில் கோபால்ட்டோடு ஆர்சனிக்கும் இருந்தது, யுரேனியமும் இருந்தது. ஷ்னேபெர்க்கின் அதே கூட்டாளிகள். கசூலோவில் ஒரு பகுதியைப் பின்னர் காலி செய்து சுற்றுச்சுவர் கட்டி ஒரு கம்பெனிக்கு விட்டார்கள்.

விலை பல வருடங்களில் இல்லாத அளவு விழுந்ததால் 2025 பிப்ரவரியில் காங்கோ அரசு கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தியது. அக்டோபரில் தடையை எடுத்துவிட்டு, இவ்வளவுதான் அனுப்பலாம் என்று பங்கீடு வைத்தது. சாக்சனி அரசர் செய்தது நினைவுக்கு வருகிறதா? ஒரு வித்தியாசம். சாக்சனி தன் கனிமத்தைத் தன் நாட்டிலேயே நீலமாக்கி விற்றது. காங்கோவின் கனிமத்தைச் சுத்திகரித்து மின்கலத்துக்கான பொருளாக்கும் ஆலைகள் பெரும்பாலும் சீனாவில். ஆவே ஊரில் 1635-இல் எழுந்த அந்த நீலச்சாய ஆலையின் வழிவந்த தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது, நிக்கலும் கோபால்ட்டும் கலந்த கழிவிலிருந்து உலோகத்தை மீட்டெடுக்கிறது.

கொல்வெசியில் கையால் தோண்டுகிறவர்கள் மூட்டையைச் சைக்கிளிலோ பைக்கிலோ வைத்துச் சாலையோரக் கொள்முதல் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். கடைக்காரர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்து அழுத்துவார். எத்தனை சதவீதம் கோபால்ட் என்று திரையில் எண் வரும், அதன்படிதான் காசு. கருவி கடைக்காரருடையது. எண் குறைத்துக் காட்டுகிறது என்று தோண்டுகிறவர்கள் சொல்கிறார்கள், ஆனால் சரிபார்க்க அவர்களிடம் வேறு கருவி இல்லை.